அங்கே போனால்தான் கிடைக்கணும்

டிஸ்னிலாந்து பாரிஸ் கெட்டுப்போய்விட்டதா இல்லையா என்று புதுச்சேரியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். எங்கள் ஊரின் சங்கதி தெரிந்தவர்களுக்குப் படாது. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. சார்செல், கார்ஜ், லா கூர்னேவ் என்ற பாரிஸ் புறநகர்ப் பெயர்களைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஜூலை பிறந்தால் அங்கிருந்து சித்தி, மாமா, அத்தை என்று ஒவ்வொருவராக வந்து இறங்குவார்கள். ஆகஸ்ட் கடைசி வரை வீடு கலகலவென்று இருக்கும். அந்த நாட்களில் எங்கள் மொட்டைமாடியில் அரசியலைவிட அதிகம் பேசப்படுவது அந்தப் பூங்காதான்.

வாதம் இரண்டு விஷயங்களைச் சுற்றி நடக்கும். பூங்காவின் தரம் விழுந்துவிட்டதா என்பது ஒன்று. அங்கே மட்டும் விற்கிற பொருள் என்று ஒன்று இருக்கலாமா, இருந்தால் அது யார் கைக்குப் போக வேண்டும் என்பது இன்னொன்று. சித்தி மகன், எனக்குத் தம்பி, முதல் வாதத்தில் விடாக்கண்டன். இரண்டாவதில் என் மகள் யாருக்கும் சளைக்க மாட்டாள். இருவரையும் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு முடிவு உறைத்துவிட்டது: இவர்கள் இரண்டு பேரும் சண்டை போடுவது ஒரே விஷயத்துக்காக. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தரம் என்று யாராவது சொன்னால் என் கண் முன்னால் வருவது அந்த டிராகன். கார்ஜ்-சார்செல் நிலையத்தில் ஆர்.இ.ஆர். டி ரயில் ஏறி, ஷாத்லேயில் ஏ தடத்துக்கு மாறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் பூங்கா வாசல் கூப்பிடு தூரம். கோட்டைக்கு முன்னால் நின்று எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். அதற்கு அடியில் இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. உள்ளே மங்கிய வெளிச்சத்தில் ஒரு குகை. 20 மீட்டருக்கு மேல் நீளமான டிராகன் ஒன்று சங்கிலியில் கட்டுண்டு படுத்திருக்கும். முதலில் குறட்டைச் சத்தம் மட்டும் கேட்கும். இருட்டு கண்ணுக்குப் பழகிய பிறகுதான் உடம்பு தெரியும். தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறக்கும், தலையைத் தூக்கும், மூக்கிலிருந்து புகை வரும். முன்னால் நிற்கிற பிள்ளைகள் அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இதற்குத் தனி டிக்கெட் கிடையாது. பூங்கா 1992 ஏப்ரல் 12 அன்று திறந்ததிலிருந்து இருக்கிறது. வேறு எந்த ஊர் டிஸ்னி கோட்டைக்கு அடியிலும் இப்படி ஒரு டிராகன் இல்லை. கோட்டைக்குள்ளேயே மெர்லின் மந்திரவாதி பெயரில் ஒரு கடை உண்டு. அந்தக் கடைக்குள்ளிருந்தும் குகைக்குப் படிக்கட்டு இறங்குகிறது. காசு வாங்குகிற இடத்தையும் காசு கேட்காத அதிசயத்தையும் ஒரே படிக்கட்டு சேர்த்து வைத்திருக்கிறது பாருங்கள், அந்த அமைப்பை யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். மழையும் குளிரும் உள்ள ஊர் என்பதால் பூங்காவின் முதன்மைத் தெருவின் இரண்டு பக்கமும், கடைகளின் பின்புறமாக, கூரை போட்ட நடைவழிகள் கட்டியிருக்கிறார்கள். நனையாமல் கோட்டை வரைக்கும் போய்விடலாம். வருகிறவர்களைப் பற்றி யோசித்துக் கட்டிய இடம் என்பது அங்கே நடந்து போகும்போதே தெரியும்.

அப்படிக் கட்டிய பூங்காவுக்குக் கடன் கழுத்தை நெரித்தது. 1994-இல் மூழ்கிப்போகும் நிலைக்கு வந்து, சவூதி இளவரசர் அல்வலீதின் முதலீடும் வங்கிகளின் ஒத்துழைப்பும் சேர்ந்து கரையேற்றின. 2002-இல் பக்கத்திலேயே ஸ்டூடியோ பூங்கா திறந்தார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சவாரிகள், வெறும் ஷெட் மாதிரி கட்டடங்கள். ரசிகர்கள் அன்றைக்குச் சொன்ன குறையை இன்றைக்கும் யாரும் மறுப்பதில்லை. அதன் பிறகு பழைய பூங்காவிலும் பெயிண்ட் உரிந்தது, சில காட்சிகள் வேலை செய்யாமல் நின்றன. ரசிகர்கள் சும்மா புலம்பிவிட்டுப் போகவில்லை, கையெழுத்து திரட்டி மேலிடத்துக்கு மனு அனுப்பினார்கள். 2017-இல் வந்த 25-ஆம் ஆண்டு விழாவுக்கு முன்னால் முக்கியமான சவாரிகளை ஒவ்வொன்றாக மூடிப் பழுது பார்த்தார்கள். அதே ஆண்டு டிஸ்னி நிறுவனம் பூங்காவை முழுதாகத் தன் கைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு 200 கோடி யூரோ முதலீட்டை அறிவித்தது. ஆகவே, தொடர்ந்து சரிந்துகொண்டே போகிறது என்று தம்பி சொல்வதை நான் ஏற்பதில்லை. விழுந்தது, எழுந்தது. எழுந்ததற்கு ரசிகர்களின் வாயும் ஒரு காரணம்.

ஆனால் ஸ்பேஸ் மவுண்டன் என்ற சவாரி விஷயத்தில் அவன் பக்கம்தான் நானும். 1995-இல் அது திறந்தபோது வெளியே ஒரு ராட்சத பீரங்கி. பித்தளை நிறம், திருகாணிகள், பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் கற்பனையில் செய்த நிலாப் பயணம். பிரான்ஸ் நாட்டுக்கென்றே யோசித்துச் செய்தது. 2005-இல் கதையை மாற்றினார்கள். 2017-இல் உள்ளே ஸ்டார் வார்ஸ் படக் கதை வந்து உட்கார்ந்தது.

“ஸ்டார் வார்ஸ் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்லக்கா,” என்பான் தம்பி. “கலிஃபோர்னியாவுலயும் அதே பேர வச்சு அதையே போடுறான். அப்புறம் நான் எதுக்கு இதுக்குன்னு சார்செல்லேருந்து ரெண்டு ரயில் மாறிப் போவணும்?”

அவன் கேட்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பெயிண்ட் உரிந்தால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். ஓர் இடம் வேறு இடங்களைப் போலவே ஆகிவிட்டால் அதைத் திருப்புவது கஷ்டம். தரம் விழுந்தது என்று ரசிகர்கள் சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1999-இல் டிஸ்னி கொண்டுவந்த ஃபாஸ்ட்பாஸ் சீட்டு இலவசம். யாராக இருந்தாலும் சீட்டு எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு வந்து குறுகிய வரிசையில் ஏறலாம். 2021-இல் பாரிஸில் அதன் இடத்துக்கு ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனியாகக் காசு கேட்கும் முறை வந்தது. அமெரிக்கப் பூங்காக்களிலும் அதே ஆண்டு கட்டண முறைதான். வாசலில் ஒரு முறை காசு கொடுத்துவிட்டால் உள்ளே எல்லாரும் சமம் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. இதைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

இப்போது கடைக்கு வருவோம். தம்பியிடம் ஒரு கறுப்புத் துணிப் பை இருக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டலாம், ஒவ்வொரு பக்கத்திலும் பின்கள், அதாவது சட்டையில் குத்திக்கொள்கிற, படம் போட்ட சின்ன உலோக பேட்ஜ்கள். டிஸ்னி பூங்காக்களில் பின் மாற்றிக்கொள்ளும் வழக்கம் 1999-இல் ஃப்ளோரிடாவில் தொடங்கியது. பூங்கா ஊழியர்கள் கழுத்துப் பட்டையில் பின்களைக் குத்திக்கொண்டு நடமாடுவார்கள். நம்மிடம் இருக்கும் ஒரு டிஸ்னி பின்னைக் கொடுத்து அவர்களிடம் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அற்புதமான ஏற்பாடு: ஒரு சின்னத் தகடு, அதன் வழியாக முன்பின் தெரியாத இருவர் நின்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள்.

அந்தப் பையில் ஒரு பக்கத்தை மட்டும் தம்பி தனியாக வைத்திருக்கிறான். போலிகள். இரண்டு பின்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். முன்பக்கம் பார்த்தால் ஒன்றுதான். சாய்த்துப் பிடித்தால் போலியில் வண்ணம் குழிவிழுந்து கிடப்பது தெரிகிறது, உலோகக் கோடு ஓரிடத்தில் மழுங்கியிருக்கிறது. திருப்பினால் பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன மிக்கி தலைகள் பொறித்திருக்கும். நல்ல பின்னில் அந்தப் பொறிப்பு விளிம்பு வரைக்கும் ஓடும். போலியில் விளிம்புக்கு முன்னாலேயே நின்று சுற்றிலும் வெறும் வரப்பு தெரியும். இந்த மாதிரி பின்களைக் கிலோ கணக்கில் இணையத்தில் வாங்கி, பூங்காவுக்குக் கொண்டுபோய் ஊழியர்களிடம் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் ஏமாறுவது, ஊழியரின் பட்டையிலிருந்து ஆசையாக ஒன்றை எடுத்துக்கொண்ட குழந்தை.

மற்றப் பொருள்களின் கதை வேறு. ஒரு காலத்தில் சட்டையில் அந்தந்தப் பூங்காவின் பெயர் இருக்கும். பிறகு ‘டிஸ்னி பார்க்ஸ்’ என்று பொதுவாகப் போட ஆரம்பித்தார்கள். எந்த ஊர்க் கடையிலும் அதே மூட்டையைப் பிரித்து அடுக்கிவிடலாம், கணக்குக்கு லாபம். ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறவர் எங்கே போய்வந்தார் என்பதைச் சட்டை சொல்லாது. வெறும் மிக்கி படம்தான் வேண்டுமென்றால் எங்கள் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் 200 ரூபாய்க்குள் கிடைக்கும்.

எல்லாப் பொருளும் ஒன்றாகிவிட்டால் ஆசை குறையும் என்று அவர்களுக்கும் தெரியும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் என்னைக் கோபப்படுத்துகிறது. இடத்தால் அரிதாக இருந்த பொருளை எண்ணிக்கையால் அரிதாக்கினார்கள். இத்தனை மட்டும்தான், இன்று மட்டும்தான், முந்துகிறவருக்கு மட்டும்தான்.

ஃபிக்மெண்ட் கதையைச் சொன்னால் இது விளங்கும். ஃப்ளோரிடாவில் எப்காட் என்ற டிஸ்னி பூங்காவில் 1983-இல் கற்பனையைப் பற்றி ஒரு சவாரி திறந்தது. அதில் வரும் ஊதா நிறக் குட்டி டிராகன்தான் ஃபிக்மெண்ட். பூங்காவுக்கென்றே பிறந்த பிள்ளை, எந்தப் படத்திலிருந்தும் வந்ததல்ல. 1999-இல் சவாரியை மாற்றியபோது அவனைக் கிட்டத்தட்ட வெளியே அனுப்பிவிட்டார்கள். ரசிகர்கள் விடவில்லை. 2002-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தப் புதிய வடிவம் பழையதன் கால் தூசிக்கு வராது என்று சொல்லாத ரசிகர் குறைவு. இன்று வரைக்கும் அந்தச் சவாரி அப்படியே கிடக்கிறது. 2022 ஜனவரியில் ஃபிக்மெண்ட் உருவத்தில் ஒரு பாப்கார்ன் டப்பா விற்றார்கள். மணிக்கணக்கில் வரிசை, பாதி நாள் போய்விட்டவர்களும் உண்டு. வாங்கிய கையோடு இணையத்தில் பல மடங்கு விலைக்கு ஏற்றினார்கள்.

அந்த வரிசையை உண்டாக்கியது எது? 1983-இல் யாரோ நல்ல கலைஞர்கள் உழைத்துச் செய்த ஒரு சவாரி. அதில் உட்கார்ந்து சிரித்த குழந்தைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளோடு அந்த வரிசையில் நின்றார்கள். சவாரியைச் சரிசெய்யக் காசில்லை, டப்பா அடிக்க இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் போட்ட முதலை எடுத்துச் செலவழித்துக்கொண்டே, புதிதாக எதுவும் போடாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? தம்பியும் என் மகளும் ஒரே விஷயத்துக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சவாரியின் தரம் தனி, கடைப் பொருள் தனி என்று பிரிக்க முடியாது.

ஷாங்காய் டிஸ்னி பூங்காவில் இன்னும் மோசம். லீனாபெல் என்ற இளஞ்சிவப்பு நரி 2021 செப்டம்பரில் அங்கே அறிமுகமானாள். அந்த ஆண்டு டிசம்பரில் கிறிஸ்துமஸ் பொம்மைகளுக்காக ஆயிரக்கணக்கானோர் நடுராத்திரியிலிருந்தே குளிரில் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த நரியை ஆசையோடு வீட்டில் வைத்துக்கொள்ள வந்தவர்கள், எத்தனை பேர் மறுநாளே விற்க வந்தவர்கள் என்பதை வாசலில் நிற்கிற ஊழியர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நன்றாகச் செய்தவர்களையும் சொல்ல வேண்டும். 2019-இல் கலிஃபோர்னியாவில் ஸ்டார் வார்ஸ் பகுதி திறந்தபோது அங்கே கோக் பாட்டில்கூட வேறு மாதிரி இருந்தது. உருண்டையாக, கைக்கு அடங்குகிற வெடிகுண்டு வடிவத்தில், பெயர் அந்தக் கற்பனை உலகத்து எழுத்தில். குடித்த பிறகும் தூக்கிப்போட மனம் வராது. அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறையே முதலில் அதை நிஜக் குண்டுபோல் இருக்கிறதென்று தடுத்து, பிறகு அனுமதித்தது. உள்ளே போகிற யாருக்கும் கிடைத்தது. எண்ணிக்கை போட்டு யாரையும் ஓடவைக்கவில்லை. அந்தப் பகுதிக்கு அறிவித்திருந்த நடிகர்களும் நடமாடும் இயந்திரங்களும் திறந்தபோது இல்லை என்பது வேறு குறை, அதுவும் நியாயமான குறைதான்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு டோக்கியோவுடையது. அங்கே பூங்காவை நடத்துவது டிஸ்னி அல்ல. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம், டிஸ்னிக்கு உரிமத் தொகை கட்டிவிட்டு 1983-இலிருந்து நடத்துகிறது. டஃபி என்ற கரடிப் பொம்மையை 2005-இல் டிஸ்னிசீ பூங்காவில் அறிமுகப்படுத்தி, ஊரே மடியில் வைத்துக்கொண்டு திரியும்படி செய்தவர்கள். அவர்களுடைய செயலியில், அன்றைக்குப் பூங்காவுக்கு வந்தவர்கள் அன்று இரவு நள்ளிரவு நெருங்கும் வரை பொருள்களை வாங்கலாம். டிக்கெட்தான் சாவி. கடைக்குள் முட்டிமோத வேண்டாம், பையைத் தூக்கிக்கொண்டு சவாரிக்கு ஓட வேண்டாம். ஆனால் வராதவர் வாங்க முடியாது. நான் கேட்பது இதுதான்: இடம் மட்டும் வேலியாக இருக்கட்டும், எண்ணிக்கை வேண்டாம்.

இந்த இடத்தில்தான் என் மகள் குறுக்கே வருவாள். “மாமாவுக்கு ரயில் ஏறினா போதும். எனக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் இல்ல, டோக்கியோவுக்கு டிக்கெட் போட அப்பாகிட்ட காசும் இல்ல. ஆன்லைன்ல வித்தா நானும் வாங்குவேன். அங்க போனாத்தான் கிடைக்கும்னா, போக முடிஞ்சவங்களுக்கு மட்டும்தானாம்மா எல்லாம்?”

லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒரு கிளைக்கு ஒரு கடவுச்சீட்டு, இன்னொரு கிளைக்கு வேறு. அதனால் ஒருவர் போகிற இடத்துக்கு இன்னொருவர் போக முடிவதில்லை. நான் அவளுக்குச் சொன்னது ஆற்றுத் திருவிழாவைப் பற்றி. தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றங்கரையில், கடலூர்ப் பக்கமும் எங்கள் பக்கமும், சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். மணலில் கடை போடுவார்கள். சிறுவள்ளிக்கிழங்கு, சுருளிக்கிழங்கு குவித்து வைத்திருப்பார்கள். மண் ஒட்டிய கிழங்கு, மேலே சின்னச் சின்ன வேர் நீட்டிக்கொண்டிருக்கும், கையால் தேய்த்தால் மண் உதிரும். திருவிழாவுக்குப் போய் அந்தக் கிழங்கு வாங்காமல் திரும்புகிறவர் கிடையாது. வந்தவர் எல்லாருக்கும் கிடைக்கும். போக முடியாத பாட்டிக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வாங்கி வருவார்கள். போனவர் போகாதவரை நினைத்து வாங்குவதற்கு அங்கே இடம் இருக்கிறது. ஒருவருக்கு ஒன்றுதான், அதுவும் முதல் ஐந்நூறு பேருக்குத்தான் என்றால் யார் யாருக்கு வாங்கி வருவார்கள்?

“கிழங்கு வேற, டஃபி வேற,” என்றாள். தம்பி அவள் பக்கம் சாய்ந்து சிரித்தான். சரி, வேறுதான். டோக்கியோவில் சொந்தக்காரர் இல்லாதவளுக்கு அந்தக் கரடி கிடைக்காது என்பது உண்மை. அவளுக்கு நான் கொடுக்கக்கூடிய சரியான பதில் டோக்கியோவில் இல்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது.

நமக்குப் பூங்காக்கள் புதிதல்ல. 1995-இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. பள்ளிச் சுற்றுலா என்றால் அந்தப் பெயரைக் கேட்டதும் துள்ளிய தலைமுறை எங்களுடையது. விஜிபியில் அசையாமல் நிற்கும் சிலை மனிதனைச் சிரிக்கவைக்க எத்தனை பிள்ளைகள் பாடுபட்டிருப்பார்கள்! 2000-இல் கொச்சியில் தொடங்கிய வொண்டர்லா இப்போது சென்னை அருகே இள்ளலூருக்கும் வந்துவிட்டது. தஞ்சோரா என்று தஞ்சாவூரை நினைவூட்டும் பெயரில் அங்கே ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. சவாரிக்கு நம் ஊர்ப் பெயர் வைக்கத் தோன்றியதே, எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

கடைதான் எங்கும் பின்தங்கி நிற்கிறது. பெயர் வேண்டாம், சென்னைப் பக்கம் ஒரு பூங்காவில் வெளியே வரும் வழியில் மகள் ஒரு சாவிக்கொத்து வாங்கினாள். பூங்காவின் பெயர் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. பேருந்து மரக்காணம் தாண்டுவதற்குள் ஸ்டிக்கர் உரிந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே வெறும் பிளாஸ்டிக் டால்பின். எங்கள் கடற்கரைச் சாலைத் தள்ளுவண்டியில் அதே டால்பின் ‘பாண்டிச்சேரி’ ஸ்டிக்கரோடு தொங்குகிறது.

இத்தனைக்கும் சுற்றிலும் கைகள் இருக்கின்றன. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் கொலு பொம்மை செய்கிறவர்கள் அச்சில் மண்ணை அழுத்தி எடுத்து, காயவைத்து, கண் எழுதுவதை வருடம் முழுக்கச் செய்கிறார்கள். ஒரு பூங்கா தன் சவாரிக்கென்று ஒரு கதையும் ஒரு பாத்திரமும் உண்டாக்கி, அதை இவர்களிடம் கொடுத்துச் செய்யச் சொன்னால் என்ன? அங்கே வந்தவர் எல்லாருக்கும் கிடைக்கட்டும், வேறெங்கும் கிடைக்க வேண்டாம். ஆனால் முதலில் சவாரி நன்றாக இருக்க வேண்டும். பிள்ளை அதிலிருந்து இறங்கி, ‘அது எனக்கு வேணும்’ என்று தானாகக் கேட்க வேண்டும். அப்படி ஒன்று வந்தால் ஈசிஆர் பேருந்தில் என் மகள் தானே போய் வாங்கிக்கொள்வாள்; சார்செலில் இருக்கிற தம்பிதான் அவளிடம் ‘எனக்கும் ஒண்ணு வாங்கி வை’ என்று கேட்க வேண்டியிருக்கும்.